கவிழ்த்த ஏணி

எர்லிந்தா பிறந்த அன்றே அவள் தொப்புளில் எறும்புப் பொடி தடவிவிட்டார்கள். மகள் எறும்பு மாதிரி ஓயாமல் உழைக்க வேண்டும் என்று அவள் அம்மாவுக்கு ஆசை. தடவியது நன்றாகவே ஒட்டிக்கொண்டது. எங்கள் ஊரான சிபூரதோவில் அவள் சும்மா உட்கார்ந்திருந்து பார்த்தவர்கள் யாரும் இல்லை. சோளம் விதைத்துக்கொண்டிருப்பாள், இல்லாவிட்டால் வாழைத்தார் சுமந்து மேடேறிக்கொண்டிருப்பாள். இரண்டும் இல்லையென்றால் பக்கத்து வீட்டுக்காரியின் கூடையைப் பிடுங்கி, "இது என்னடி பின்னல், இதுல நண்டுகூடத் தங்காது" என்று அவிழ்த்துத் திரும்பப் பின்னிக்கொண்டிருப்பாள். அப்படிப்பட்டவள் பிற்பாடு நாள் பூராவும் முழங்காலில் உட்கார்ந்து, ஒரு பாய் அகல மண்ணைத் தடவித் தடவிச் சுரண்டும் வேலைக்குப் போனாள் என்றால் யார் நம்புவார்கள்? நாங்களே நம்பவில்லை.

அந்தக் கதைக்கு முன்னால் ஏணியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் எம்பெரா ஜனங்களின் வீடுகள் மரக்கால்கள் மேல் நிற்பவை. ஏறுவதற்கு ஒரே ஒரு மரத்தடி. ஒரு பக்கம் படி வெட்டியிருக்கும், மறுபக்கம் வழவழவென்று இருக்கும். படிகள் மேலே பார்த்திருந்தால் வீட்டில் ஆள் இருக்கிறது, ஏறி வா என்று அர்த்தம். படுக்கப் போகும்போதும் ஊரை விட்டுக் கிளம்பும்போதும் தடியைப் புரட்டிப் படிகளைக் கீழ்ப்பக்கமாகக் கவிழ்த்துவிடுவோம். கவிழ்த்த ஏணியில் எவனும் ஏறமாட்டான். மனிதனை விடுங்கள், காட்டில் அலைகிற கெட்டதுகள்கூட ஏறாது. பூட்டு என்கிற சாமானை நாங்கள் கையில் பிடித்ததே நகரத்துக்கு ஓடி வந்த பிறகுதான். அடுத்தவன் கவிழ்த்த ஏணியைத் தொட்டுப் புரட்டுவதா? சீச்சீ! குடித்துவிட்டு ஆற்றில் விழுகிற பயலுக்குக்கூட அந்தப் புத்தி போகாது. வீட்டை விட்டுக் கடைசியாக இறங்குகிறவர் ஏணியைக் கவிழ்க்க வேண்டும், அவ்வளவுதான் சட்டம்.

ஊரை விட்டு ஓடிய காலையில் தன் வீட்டிலிருந்து கடைசியாக இறங்கியவள் எர்லிந்தா.

ஆயுதக்காரர்கள் இரண்டு கூட்டம். எவன் எந்தக் கட்சி என்று இன்றுவரை எங்களுக்குச் சரியாகத் தெரியாது, தெரிந்து ஆகப்போவதும் ஒன்றுமில்லை. ஆற்றின் இந்தக் கரையிலிருந்து அவன் சுட, அந்தக் கரையிலிருந்து இவன் சுட, நடுவில் எங்கள் ஊர். எர்லிந்தாவின் புருஷன் அனிபால் கோழிக்கூண்டையும் பானையையும் தூக்கிக்கொண்டு ஓடத்துக்கு ஓடிவிட்டான். எர்லிந்தா மகள் நயிபேயை முதுகில் கட்டினாள், அடுப்பில் தண்ணீர் ஊற்றினாள், இறங்கினாள். அதற்கப்புறம் அவளுக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் ஓடத்தின் அடித்தண்ணீரை உள்ளங்கையால் இறைத்துக்கொண்டிருந்ததுதான். நடுவில் உள்ளது துடைத்து எடுத்தாற்போல் இல்லை.

கீழே நகரத்தில் விளையாட்டு அரங்கத்துக் கூரைக்கடியில் எங்களைப் போட்டார்கள். சிமெண்டுத் தரை, குளிர், ஒரு குழாய்க்கு ஓர் ஊரே வரிசை. ஆண்கள் கூலிக்குப் போனார்கள், பெண்கள் பாசிமணி கோத்துச் சந்தையில் விற்றார்கள். அடுத்த சோள விதைப்பு நெருங்கியபோது அனிபாலுக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஊரில் அடுப்புக்கு மேலே புகையில் கட்டித் தொங்கவிட்ட விதைச்சோளம் அப்படியே இருக்கிறது. அந்த விதை போனால் எங்கள் சோளமே போச்சு. இரண்டு கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு யாருக்கும் சொல்லாமல் ஆற்றோடு மேலே போனான்.

ஊருக்குள் நுழைந்ததும் முதல் வீடு அவனுடையது. மற்ற வீடுகள் வளைவுக்கு அப்பால், வாழைக்கும் மூங்கிலுக்கும் பின்னால் இருப்பதால் பாதையிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. அனிபால் பார்த்தான். அவன் வீட்டு ஏணி, படிகள் மேலே பார்க்க, வா வா என்று நின்றது. மலைக்கு அந்தப் பக்கமாக ஓடிப்போன அண்ணன்தான் திரும்பி வந்துவிட்டான் என்று அவனுக்கு ஒரே சந்தோஷம். "அண்ணே! வீட்ல யாரு?" என்று கத்திக்கொண்டே ஓடி, முதல் படிக்குக் கீழே காலை வைத்தான்.

வெடித்தது.

கூட்டாளிகள் அவனை வலைத்தொட்டிலில் கட்டித் தூக்கி வந்து சேர்த்ததே பெரிய காரியம். உயிர் பிழைத்தது, வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண்ணைத் திறந்ததும் அவன் எர்லிந்தாவிடம் கேட்ட முதல் கேள்வி இது:

"ஏணியைக் கவுத்தியா?"

அவள் வாயைத் திறந்தாள். வார்த்தை வரவில்லை. அந்த ஒரு நொடி மௌனத்தை ஊர் முழுக்கப் பங்கு போட்டுக்கொண்டது.

அண்ணன் வரவே இல்லை என்பது பிறகு தெரிந்தது. அப்படியானால் திறந்த ஏணிக்கு என்ன பொருள்? அவசரத்தில் இவள்தான் திறந்துபோட்டுவிட்டு வந்திருக்கிறாள். திறந்த வீட்டில் கெட்டது ஏறிவிட்டது. ஆயுதக்காரர்கள் புரட்டியிருப்பார்களே என்று ஒருவருக்காவது தோன்றவேண்டாமா? தோன்றவில்லை. கவிழ்த்த ஏணியை ஒருவன் புரட்டுவான் என்பதே எங்கள் மண்டைக்குள் நுழையாத விஷயம். எங்கள் லட்சணம் அது.

அனிபாலின் அக்கா ஓத்திலியாவுக்கு நாக்கு என்றைக்குமே கொஞ்சம் நீளம். இப்போது அவல் கிடைத்துவிட்டது.

"நானும்தான் ஓடி வந்தேன். குண்டு தலைக்கு மேல பறக்குது. இருந்தாலும் ஏணியைக் கவுத்து, ரெண்டு தட்டுத் தட்டிப் பாத்துட்டுத்தான் எறங்கினேன். எறும்புப் பொடி தடவினா போதுமா? கொஞ்சம் புத்தியையும் சேத்துத் தடவியிருக்கணும்."

"மதினி, போதும்."

"என் தம்பி காலு போச்சு. எனக்கு எப்படிடி போதும்?"

அனிபால் அக்கா மாதிரிக் கத்தமாட்டான். அதுதான் இன்னும் கொடுமை. அரங்கத்தை விட்டு மாறிப்போன வாடகை அறையை எர்லிந்தா சாத்தும்போதெல்லாம், சந்தைக்குப் பையை எடுக்கும்போதெல்லாம், மெதுவாகக் கேட்பான்: "ஏணியைக் கவுத்தியா?" நகரத்து அறையில் ஏது ஏணி? அவளும் பதில் சொல்லமாட்டாள். ராத்திரி கண்ணை மூடினால் அந்தத் தடியைக் கையில் பிடிப்பதுபோல் நினைத்துப் பார்ப்பாள். ஒருநாள் கவிழ்த்ததுபோல் இருக்கும். மறுநாள் கவிழ்க்காததுபோல் இருக்கும். போகப் போக, நாம்தான் மறந்திருப்போம் என்று அவளே நம்பத் தொடங்கிவிட்டாள்.

வருஷங்கள் ஓடின. சமவெளியில் எங்கோ நிலம் தருகிறோம், அங்கே போய்க் குடியேறுங்கள் என்று அரசாங்கத்தில் சொன்னார்கள். ஆறு இல்லாத இடம். எங்களுக்குள்ளேயே பாதிப் பேர் சரி என்றார்கள். கண்ணிவெடி கிடக்கிற மண்ணுக்கு எவன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவான்? அந்தச் சமயத்தில்தான் கண்ணிவெடி அகற்றும் அமைப்பு ஒன்று நகரத்துக்கு வந்தது. மண்ணின் ஆட்களையே வேலைக்கு எடுத்துப் பயிற்சி கொடுப்போம், பெண்களும் வரலாம் என்றார்கள். முதல் ஆளாக எழுந்து நின்றவள் எர்லிந்தா.

"உனக்குப் பைத்தியமா?" என்றான் அனிபால். "ஒரு வீட்டுக்கு ஒரு காலு போனது பத்தாதா?"

"நான் போய்ப் பாக்கணும்."

"என்னத்தைப் பாக்கணும்?"

"ஏணியை."

அனிபால் கழியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். நயிபேதான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

பயிற்சிக்குத் தலைமை யூரானி என்ற பெண். எங்கள் ஜாதி இல்லை, கீழ்நாட்டுக்காரி. பல காடுகளில் வேலை பார்த்துத் தோல் தடித்தவள், வேலையில் கெட்டிக்காரி. முதல் வாரமே எர்லிந்தாவை மூன்று தடவை வரிசையிலிருந்து வெளியே நிறுத்தினாள்.

"நீ வேகமா பண்றே. இங்க வேகமா பண்றவங்க வீட்டுக்குப் போகமாட்டாங்க."

"எனக்கு மெதுவா வராதும்மா. தொப்புள்ல எறும்பு."

"எறும்பை நாளைக்கு வீட்லயே விட்டுட்டு வா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் மறுநாளும் வெளியே நிறுத்தினாள். அடேயப்பா, எர்லிந்தா பட்ட பாடு! இலையைக் கத்தரிக்கோலால் வெட்டி எடு, உலோகம் இருந்தால் கத்துகிற கருவியை ஓட்டு, சத்தம் வந்த இடத்திலிருந்து தள்ளி உட்கார், பக்கவாட்டிலிருந்து சுரண்டு, மேலிருந்து ஒருநாளும் குத்தாதே. வெயிலில் கனத்த மேலங்கி, முகத்துக்கு முன்னால் தடித்த கண்ணாடி, அதற்குள் வியர்வை. துருப்பிடித்த மீன் டப்பாவுக்கும் அதே பயம், ஆணிக்கும் அதே பயம். ஓடியே பழகிய உடம்பை அவள் வலுக்கட்டாயமாக உட்காரவைத்தாள். கடைசியில் எல்லோரிலும் பொறுமைசாலி என்று யூரானியே சொல்லும்படி ஆகிவிட்டது. பிறவிக் குணத்தை மனுஷி மாற்றிக்கொண்டாள். எங்களில் வேறு யாரால் முடியும், சொல்லுங்கள்?

மேலே போவதற்கு முன்னால் எங்கள் ஊர் வைத்தியர் எலீசியோ ஆற்றங்கரையில் விடிய விடியப் பாடி, மலைக்குச் சொந்தக்காரரான ஆவியிடம் அனுமதி கேட்டார். எர்லிந்தா காட்டுக்காய்ச் சாற்றால் வாயிலிருந்து தாடை வரை கறுப்புப் பூசிக்கொண்டாள். கெட்டதின் கண்ணுக்குத் தப்ப அதுதான் வழி. கண்ணாடிக்குப் பின்னால் பாதி முகம் கறுப்பாக இருப்பதைப் பார்த்து யூரானி ஒரு நிமிஷம் யோசித்தாள். "கண்ணாடியில ஒட்டாதே?" என்று மட்டும் கேட்டாள். ஒட்டாது என்றதும் விட்டுவிட்டாள்.

பாதையைத் திறக்கவே ஒரு மழைக்காலம் கடந்துவிட்டது. கிடைத்த கண்ணிகளெல்லாம் பிளாஸ்டிக் டப்பா, கண்ணாடிப் பாட்டில், ஊசிக்குழாய், பாட்டரி. சமையலறைக் குப்பையை வைத்துக்கொண்டு மனுஷனைக் கொல்ல வழி கண்டுபிடித்த மூளையை என்ன சொல்ல! வழியில் பார்த்த மரங்களெல்லாம் அவளுக்குத் தெரிந்த மரங்கள். ஆனாலும் சோதித்து முடித்ததற்கு அடையாளமாக வெள்ளைக் குச்சி நட்ட இடத்தைத் தாண்டி ஒரு விரல்கூட நீட்டமுடியாது. தன் ஊருக்குத் தானே முழங்காலால் நடந்து போனாள்.

வீடு தெரிந்த நாள் யூரானி அவளை நிறுத்தினாள்.

"இது உன் வீடு. வேற ஆளைப் போடறேன். கை நடுங்கும்."

"நடுங்கினா நானே எந்திரிச்சிடறேன்."

"சத்தியமா?"

"என் மக மேல சத்தியம். நடுங்கினா கருவியைக் கீழ வெச்சுட்டு உன்னைக் கூப்பிடுவேன்."

கை நடுங்கவில்லை. அனிபாலின் கால் போன குழி தண்ணீர் தேங்கித் தவளை வளர்த்துக்கொண்டிருந்தது. அதன் ஓரமாகச் சுரண்டிக்கொண்டே போய் ஏணி கிடந்த இடத்தை அடைந்தாள். ஏணி நிற்கவில்லை. வெடித்த வேகத்தில் அடி சிதறிப் பக்கத்தில் விழுந்து, கொடி மூடி, கறையான் அரித்துக் கிடந்தது. தொட்டால் விரலில் மாவாக வந்தது. படி எந்தப் பக்கம், வழவழப்பு எந்தப் பக்கம் என்று கடவுளே வந்தாலும் சொல்லமுடியாது.

இதற்காகத்தான் இத்தனை பாடும். எர்லிந்தா வெள்ளைக் குச்சிகளுக்குள்ளேயே பின்னால் நகர்ந்து வந்து, முகக்கண்ணாடியைத் தூக்கிவிட்டு, ஓவென்று அழுதாள். யூரானி பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர்க் குடுவையை நீட்டினாள். ஏன் அழுகிறாள் என்று அவளுக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை.

"இன்னிக்குப் போதும்" என்றாள்.

"நாளைக்கு வளைவுக்கு அந்தப் பக்கம் என்னைப் போடு. அது என் நாத்தனார் வீடு. அங்கேயும் ஒண்ணு இருந்தா அவ வாய்க்கு அதுவே பயந்து வெடிச்சிடும்."

அழுத முகத்தோடேயே சொன்னாள். யூரானி சிரித்துவிட்டாள்.

வளைவைத் தாண்டச் சில நாளாயிற்று. மூங்கிலை வெட்டி ஒதுக்கியதும் ஓத்திலியாவின் வீடு தெரிந்தது. கூரை ஒரு பக்கம் சரிந்திருந்தது. எர்லிந்தா கருவியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

ஓத்திலியாவின் ஏணி, படிகள் மேலே பார்க்க நின்றது.

கவிழ்த்து, இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்து, சந்தையிலும் குழாயடியிலும் பெருமை அடித்த ஏணி. அதற்கு அப்பால் எலீசியோவின் ஏணி. அதுவும் திறந்திருந்தது. அடுத்த வீடும் அப்படியே. கண்ணுக்கு எட்டியவரை எங்கள் ஊரின் ஒவ்வொரு ஏணியும் படிகளைக் காட்டிக்கொண்டு நின்றது. சிபூரதோவில் ஒரு வீடு பாக்கியில்லாமல் எல்லோரும் ஒரே காலையில் மறந்திருப்பார்களா? ஆயுதக்காரர்கள் வந்து தங்கியிருக்கிறார்கள். ஏறப் படி வேண்டும், புரட்டி வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு அது வெறும் மரத்தடி. போகும்போது ஏணியடியில் கண்ணி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"என்ன ஆச்சு? கை நடுங்குதா?" என்று பின்னாலிருந்து யூரானி குரல் கொடுத்தாள்.

"இல்லை" என்றாள் எர்லிந்தா. "இப்பத்தான் நடுக்கம் நின்னுச்சு."

ஓத்திலியாவின் முதல் படிக்குக் கீழே ஒரு பாட்டில் இருந்தது. இத்தனை வருஷம் தன்னை நாக்கால் கிழித்தவளின் கால் பட இருந்த இடம். எர்லிந்தா அன்றைக்குப் பூராவும் அதன் பக்கத்தில் மண்ணைத் தூள் தூளாக எடுத்துப்போட்டாள். வெளியே தெரிந்ததும் விலகி வந்து தகவல் சொன்னாள். மணல் மூட்டைகளை ஏணிப் பக்கம் அடுக்கிவிட்டு அங்கேயே வெடிக்கவைத்தார்கள். ஏணிக்குக் கீறல் விழவில்லை.

வேலை முடிந்ததும் அவள் யூரானியிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஏணிங்களை யாரும் தொடவேண்டாம். இருக்கிற மாதிரியே இருக்கட்டும். எங்க ஆளுங்க வந்து பாக்கட்டும்."

நகரத்துக்கு வந்தும் வாயைத் திறக்கவில்லை. நாங்களாக இருந்தால் அரங்கத்து நடுவில் நின்று கூரை பறக்கக் கத்தியிருப்போம். சொன்னால் நம்பமாட்டார்கள், தப்பிக்கச் சொல்கிறாள் என்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். அவள் நெஞ்சுரம் அது.

வெடி அகற்றிய மண்ணை எங்களிடம் ஒப்படைக்கிற நாள் வந்தது. சமவெளிக்குப் போவோம் என்றவர்களும், சரி, ஒருமுறை பார்த்துவிட்டாவது போவோம் என்று வந்தார்கள். அமைப்பின் ஆட்கள் கைகோத்து எங்களுக்கு முன்னால் மண்ணை மிதித்து நடந்து காட்டினார்கள். நடுவில் எர்லிந்தா. அவளுக்குப் பின்னால் நயிபே, அதற்கும் பின்னால் செயற்கைக்காலும் கழியுமாக அனிபால்.

அவன் தன் வீட்டு முன்னால் நிற்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு தாண்டினான். வளைவு திரும்பியதும் முன்னால் போன ஓத்திலியாவின் அலறல் கேட்டது.

"ஐயோ! எவ என் ஏணியைத் தொட்டது?"

அவள் அடுத்த வீட்டைப் பார்த்தாள், அதற்கடுத்ததைப் பார்த்தாள். எலீசியோ தன் ஏணியின் முன்னால் நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"நான் கவுத்தேன்!" ஓத்திலியாவின் குரல் உடைந்தது. "சத்தியமா கவுத்தேன். ரெண்டு தட்டுத் தட்டினேன். என்னை நம்புங்க, நான் கவுத்துட்டுத்தான் வந்தேன்!"

எர்லிந்தா அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

"தெரியும் மதினி. நானும்தான்."

ஓத்திலியா அவளைப் பார்த்தாள். பிறகு ஏணியின் அடியில் புது மண் நிரப்பிய குழியைக் காட்டி, "இது?" என்றாள்.

"அதை எடுத்தாச்சு. ஏறலாம்."

ஓத்திலியா ஏறவில்லை. எர்லிந்தாவின் கால்களைக் கட்டிக்கொண்டு மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். "எந்திரி மதினி, மேலெல்லாம் சேறு" என்று எர்லிந்தா தூக்கப் பார்த்தாள். அனிபால் கழியை ஊன்றியபடி ஒவ்வொரு ஏணியாகப் பார்த்துக்கொண்டு கடைசி வீடுவரை தனியாக நடந்தான். திரும்பி வந்தபோது யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஒரு கோடாலி கேட்டான்.

அந்தச் சாயங்காலமே தன் வீட்டுப் புது ஏணிக்கு மரம் வெட்டிவிட்டான். பழைய வீடுகளின் படியில் விரல் நுனி ஊன்றத்தான் இடம் இருக்கும், அவன் செயற்கைக்காலுக்கு அது போதாது. அதனால் ஒவ்வொரு படியையும் அகலமாகக் கொத்தினான். எர்லிந்தா ஓட்டைக் கூரைக்கடியில் அடுப்பு மூட்டி வாழைக்காய் வேகவைத்தாள். நயிபே ஆற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தாள். புகையில் தொங்கிய விதைச்சோளம் எப்போதோ எலிக்குப் போயிருந்தது. அண்ணன் ஓடும்போது எடுத்துப்போன விதை இருக்கும், மலைக்கு அந்தப் பக்கம் போய் அவனிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று பேசிக்கொண்டார்கள். சமவெளியைப் பற்றி யாரும் பேசவில்லை.

இருட்டுகிற நேரம். அனிபால்தான் கடைசியாக ஏறினான். ஒவ்வொரு படியிலும் நின்று, மூச்சு வாங்கி, செயற்கைக்காலைத் தூக்கிவைத்து ஏறினான். எர்லிந்தா கை கொடுக்கப் போனாள், வேண்டாம் என்று தலையாட்டினான். மேலே வந்ததும் உட்கார்ந்து, இரண்டு கையாலும் தடியைப் பிடித்துப் புரட்டினான். படிகள் கீழே போயின.

"கவுத்தாச்சு" என்றான். யாரும் அவனிடம் கேட்டிருக்கவில்லை.